புகைக்கரி படிந்த லெதர் சோபா: எது எடுக்கும், எது கெடுக்கும்

லெதர் சோபாவில் புகைக்கரி படிந்திருப்பதைப் பார்த்ததும் கை தானாக ஈரத்துணியைத் தேடிப் போகும். தீ தொடாமல் விட்டுவைத்த பல சோபாக்களைக் கெடுப்பது அந்த ஈரத்துணிதான்.

புகைக்கரி வெறும் தூசி அல்ல. முழுதாக எரியாமல் போன கார்பன், அதன்மேல் ஒட்டிய எண்ணெயும் தாரும், கூடவே கொஞ்சம் அமிலம். துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சின்னவை. லெதரின் மேற்பரப்பில் இருக்கும் ரோமக்கால் குழிகளும் மெல்லிய சுருக்கங்களும் அந்தத் துகளுக்குக் கிணறு மாதிரி. காய்ந்திருக்கும் வரை கரி மேலாகத்தான் உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால் மை போலக் குழைந்து, தேய்க்கிற விரலின் அழுத்தத்தோடு குழிக்குள் இறங்கிவிடும். அப்படி இறங்கியதை முழுசாக வெளியே எடுக்கும் பாட்டில் எதுவும் இல்லை.

கடையில் புகைக்கறைக்கென்று விற்பவை, வீட்டு வைத்தியமாகச் சொல்லப்படுபவை, ஆளை வரவழைத்துச் செய்யும் சேவை ஆகிய மூன்றையும் இங்கே எடைபோட்டிருக்கிறோம். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். இருப்பதில் மலிவானதும் பார்க்க ஒன்றுமே இல்லாததுமான காய்ந்த ரப்பர் ஸ்பாஞ்சுதான் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. பெயர் வாங்கிக்கொண்டு போவது என்னவோ கிளீனர் பாட்டில்.

வாங்கும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்

முதலில், அது என்ன லெதர் என்பது. சோபாவின் பின்பக்கம் அல்லது அடியில், கரி படியாத ஓர் இடத்தில் ஒரு சொட்டு டிஸ்டில்டு வாட்டர் விட்டு ஒரு நிமிடம் பாருங்கள். சொட்டு முத்து மாதிரி அப்படியே நின்றால் மேலே பூச்சு உள்ள லெதர். வீடுகளில் இருக்கும் சோபாக்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். சொட்டு உறிஞ்சப்பட்டு அந்த இடம் கறுத்தால் அது அனிலின், அதாவது சாயம் மட்டும் ஏற்றி, கனமான பூச்சு போடாத லெதர். தொட்டால் வெல்வெட் மாதிரி இருந்து, விரல் போன தடம் தெரிந்தால் நூபக் அல்லது ஸ்வேட். கீழே சொல்லப்போகும் ஈர வேலை முழுவதும் முதல் வகைக்கு மட்டுமே. மற்ற இரண்டுக்கும் ஸ்பாஞ்சோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுவது நல்லது. ரெக்சின், பியூ (பாலியூரித்தேன்), பாண்டட் லெதர் என்று விற்கப்படும் வகைகளுக்கும் முதல் வகைக்கான முறையே பொருந்தும். ஏற்கெனவே தோல் உரிய ஆரம்பித்திருந்தால் மட்டும் பிரஷ் போடக் கூடாது. உரிகிற இடத்திலிருந்து பட்டை பட்டையாகக் கழன்று வரும்.

இரண்டாவது, என்ன புகை என்பது. காகிதம், மரம் வேகமாக எரிந்த புகையின் கரி உலர்ந்த தூள் மாதிரி இருக்கும். ஸ்பாஞ்ச் மட்டுமே பெரும்பாலும் போதும். பிளாஸ்டிக், ரப்பர், ஃபோம் ஆகியவை தணலாக மெதுவாகக் கருகிய புகை பிசுபிசுப்பாக, தொட்டால் இழுபடும்படி இருக்கும். கஷ்டமான ரகம் இதுதான். அடுப்பில் இறைச்சி தீய்ந்த புகை கண்ணுக்கே தெரியாது. மெல்லிய பழுப்புப் படலமும் விடாத வாடையும்தான் அடையாளம். சிகரெட் புகை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் படிந்த மஞ்சள் தார். மெழுகுவர்த்திக் கரியில் மெழுகும் கலந்திருக்கும். ஒரே சோபாவில் இரண்டு மூன்று ரகம் சேர்ந்திருப்பதும் உண்டு. மின் வயர் எரிந்திருந்தால் கவனம் கூடுதலாக வேண்டும். பிவிசி உறை எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிவரும். அது ஈரப்பதத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சோபாவின் ஆணித் தலைகளும் ஜிப்பும் சில நாட்களிலேயே துருப்பிடித்து நிறம் மாறினால் காரணம் அதுதான். ஆகவே வயர் எரிந்த புகைக்கு நாள் கடத்தாதீர்கள்.

மூன்றாவது, பஞ்சு சுற்றிய காது குச்சி. இருப்பதில் உருப்படியான சோதனை இது. குச்சியின் நுனியை டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் அரை அங்குல நீளத்துக்கு ஒரே ஒரு தடவை இழுத்து, நுனியைப் பாருங்கள். சாம்பல் அல்லது கறுப்பு வந்தால் கரி. மஞ்சள் பழுப்பு வந்தால் தார். சோபாவின் நிறமே வந்தால் பூச்சு ஏற்கெனவே இளகியிருக்கிறது. அங்கே எந்த கிளீனரும் படக் கூடாது. வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் இதே குச்சிதான் வழிகாட்டி.

சூட்டில் பூச்சு கொப்புளித்திருந்தாலோ, லெதர் சுருங்கி விறைத்திருந்தாலோ அது கறையே அல்ல. சுத்தம் செய்வதால் அது சரியாகாது. தீயணைப்பானின் மஞ்சள் அல்லது வெள்ளைத் தூள் சோபாவில் விழுந்திருந்தால் அதையும் கரி மாதிரியே காய்ந்த நிலையில்தான் எடுக்க வேண்டும். ஏபிசி வகைத் தூளில் இருப்பது மோனோஅமோனியம் பாஸ்பேட். அது ஈரமானால் அமிலத்தன்மையோடு ஒட்டிக்கொண்டு உலோகத்தையும் அரிக்கும்.

ரப்பர் ஸ்பாஞ்ச்

கெமிக்கல் ஸ்பாஞ்ச், டிரை ஸ்பாஞ்ச், சூட் ஸ்பாஞ்ச் என்று பல பெயரில் கிடைக்கும். பெயரில்தான் கெமிக்கல், உள்ளே திரவம் எதுவும் கிடையாது. வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கிய இயற்கை ரப்பர், அவ்வளவுதான். கையில் எடுத்தால் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை விடக் கனமாக, லேசாகப் பிசுக்கென்று, பள்ளிக்கூட அழிப்பான் வாடையோடு இருக்கும். செய்வதும் அழிப்பானின் வேலைதான். கரியைத் தேய்த்துப் பரப்பாமல் தன் துளைகளுக்குள் இழுத்துக்கொள்கிறது.

பயன்படுத்தும் விதத்தில்தான் பலர் தவறுகிறார்கள். ஸ்பாஞ்ச் காய்ந்திருக்க வேண்டும், சோபாவும் காய்ந்திருக்க வேண்டும், கையும் காய்ந்திருக்க வேண்டும். முதுகுச் சாய்வின் உச்சியில் வைத்து, ஒரே திசையில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு இழுப்பு. பிறகு தூக்கி, முந்தைய தடத்தின் ஓரத்தில் கொஞ்சம் ஏறும்படி அடுத்த இழுப்பு. முன்னும் பின்னும் தேய்ப்பது, வட்டமாகச் சுழற்றுவது இரண்டும் கூடாது; எடுத்த கரியைத் திரும்பப் பூசுவதில்தான் அது முடியும். அழுத்தம் எவ்வளவு என்றால், மேசையில் இருக்கும் காகிதத்தை நகர்த்தாமல் அதன்மேல் கையை ஓட்டும் அளவு.

மூன்று நான்கு இழுப்புக்குப் பிறகு ஸ்பாஞ்சைத் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் முகம் நடுவில் கறுத்து, ஓரத்தில் மட்டும் பழைய நிறம் ஒரு கோடாக நிற்கும். அப்போது முகத்தை மாற்ற வேண்டும். ஒரு ஸ்பாஞ்சுக்கு ஆறு முகம். ஆறும் கறுத்தபின் கூர்மையான கத்தியால் 2, 3 மில்லிமீட்டர் தடிமனுக்குச் சீவி எடுத்தால் உள்ளே புது முகம் கிடைக்கும். கழுவிக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று சில அட்டைகளில் எழுதியிருக்கும், நம்ப வேண்டாம். கழுவிய ஸ்பாஞ்சில் உள்ளே போன கரி மிச்சம் இருக்கும், பிடிக்கும் சக்தி போயிருக்கும், துளி ஈரம் மிச்சமிருந்தால் முதல் இழுப்பிலேயே கறுப்புக் கோடு போட்டுவிடும்.

மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு லேசான கரி என்றால் 2 ஸ்பாஞ்ச், கனமான கரி என்றால் 4 முதல் 6 வரை. உறையைப் பிரித்தபின் வெயில் படாமல், காற்றுப் போகாத பையில் வைக்க வேண்டும். வெளியே கிடந்தால் முகம் விறைத்து, பொடிப்பொடியாக உதிரும். வாங்கும்போது ஸ்பாஞ்சை மடக்கிப் பாருங்கள். விரிசல் விட்டால் பழைய சரக்கு.

பிசுபிசுப்பான புகைக்கு இது அவ்வளவாக உதவாது என்பதை மறைக்கக் கூடாது. மேல் தூளை மட்டும் எடுக்கும். அடியில் இருக்கும் தார்ப் படலத்தில் வழுக்கிக்கொண்டு போகும். இழுக்கும்போது இழுபட்ட கோடு தெரிந்தால் அங்கே ஸ்பாஞ்சை நிறுத்திவிட்டு கிளீனருக்குப் போக வேண்டியதுதான்; பிளாஸ்டிக் எரிந்த கரி என்றால் ஆளைக் கூப்பிட வேண்டியதுதான்.

வாக்குவம்

ஸ்பாஞ்சுக்கு முன்பாகவே வாக்குவம் வர வேண்டும், கரி கனமாக இருந்தால். ஆனால் ஹெப்பா ஃபில்டர் இல்லாத மெஷினை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம். ஹெப்பா என்பது 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் தரம். சாதாரண மெஷின் முன்னால் உறிஞ்சி, பின்னால் நுண்கரியை அறை முழுவதும் ஊதும். மறுநாள் காலையில் திரைச்சீலையிலும் கறை.

இடுக்குகளுக்கான நீளமான, ஒடுங்கிய முனையை மாட்டி, லெதரில் படாமல் ஒரு சென்டிமீட்டர் மேலே பிடித்து நகர்த்த வேண்டும். பிரஷ் முனை வேண்டாம். அதன் மயிர் கரியைக் குழிக்குள் திணிக்கும். தையல் மடிப்பு, பட்டன் குழி, இருக்கையும் கைப்பிடியும் சேரும் இடுக்கு ஆகியவற்றில் நேரம் செலவழிக்கலாம். மெத்தையைத் தூக்கினால் அடியில் துணி ஒட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். உட்காரும்போது காற்று வெளியேறுவதற்காக வைத்தது. எழும்போது அதே வழியாகக் காற்று உள்ளே போகிறது, புகையும்தான். அந்தத் துணியில் மட்டும் முனையை நன்றாகப் பதித்து உறிஞ்சலாம்.

வேலை நடக்கும்போது மின்விசிறியும் ஏசியும் அணைந்திருக்கட்டும். என்95 மாஸ்க்கும் நைட்ரைல் கையுறையும் அவசியம். கையுறை உங்களுக்காக மட்டும் அல்ல. விரலில் இருக்கும் எண்ணெய் கரியை ஒட்டவைத்து ரேகை பதித்துவிடும்.

கிளீனர் பாட்டில்கள்

இங்கேதான் கடைக்காரர் பேச்சும் அட்டையின் வாக்குறுதியும் அதிகம். ஒரே ஒரு எண்ணைப் பார்த்தால் போதும்: பிஎச். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். குரோமிய உப்பால் பதனிட்டு முடித்த லெதரின் பிஎச் சுமார் 3.5 முதல் 5 வரை, அதாவது லேசான அமிலம். 5 முதல் 7 வரை உள்ள கிளீனர் அதற்கு ஒத்துப்போகும். சாதாரண சோப்பு 9, 10. அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் அடுப்பு கிளீனரும் அதற்கும் மேலே. காரம் ஏறினால் லெதருக்குள் இருக்கும் கொழுப்பும் பதனிடும் பொருளும் தளர்ந்து, மாதக்கணக்கில் விறைப்பும் வெடிப்புமாக வெளிவரும். உடனே தெரியாததால்தான் யாரும் கிளீனரைக் குற்றம் சொல்வதில்லை. பிஎச் போடாத பாட்டிலை வாங்க வேண்டாம்.

திரவம், ஸ்ப்ரே, நுரை என மூன்று வடிவம் உண்டு. புகைக்கரிக்கு நுரைதான் எங்கள் தேர்வு. நுரையில் தண்ணீர் குறைவு. கரி குமிழ்களில் தொங்கிக்கொண்டு மேலேயே நிற்கும், துடைத்தால் நுரையோடு போகும். ஸ்ப்ரே நேராக லெதரில் அடிக்கும்படி சொல்கிறது. அடித்த இடத்தில் சொட்டு வழிந்து, கரிமேல் ஆறு ஓடிய மாதிரி தடம் விழும். ஸ்ப்ரேதான் இருக்கிறது என்றால் துணியில் அடித்துப் பயன்படுத்துங்கள். 250 மில்லி நுரை கிளீனர் ஒரு மூன்று இருக்கை சோபாவுக்குத் தாராளம்.

செய்முறை இப்படி. ஒரு தடவைக்கு ஒரு அடிக்கு ஒரு அடி இடம் மட்டும். நுரையை மிருதுவான குதிரைமயிர் பிரஷ்ஷில் எடுத்து, அழுத்தாமல் சின்னச் சின்ன வட்டமாகப் பத்து நொடி. நுரை சாம்பல் நிறமாவது கண்ணுக்குத் தெரியும். அது காய்ந்து படிவதற்குள் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த இன்னொரு துணியால் ஒரு துடைப்பு, கடைசியாகக் காய்ந்த துணி. துணியை எட்டாக மடித்து, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புது முகம். எட்டுப் பத்துத் துணியாவது தயாராக இருக்க வேண்டும். இரண்டு துணியை வாளியில் அலசி அலசி சோபா முழுவதையும் துடைப்பவர்கள் கடைசியில் கரித்தண்ணீரைத்தான் சமமாகப் பூசியிருப்பார்கள்.

காய்ந்த ஸ்பாஞ்ச் வேலை மேலிருந்து கீழே. ஈர வேலை, செங்குத்தான பரப்புகளில், கீழிருந்து மேலே. தலைகீழாகத் தோன்றும், ஆனால் காரணம் இருக்கிறது. மேலே ஆரம்பித்தால் வழியும் ஈரம் கீழே துடைக்காத கரிமேல் ஓடி, காய்ந்த கோடாக நிற்கும். அந்தக் கோட்டை எடுப்பது அசல் கரியை எடுப்பதை விடக் கடினம். துடைத்த இடத்தில் வழிந்தால் ஒற்றி எடுத்துவிடலாம்.

தையலில் தனிக் கவனம் வேண்டும். நூல் பருத்தி கலந்ததாக இருந்தால் திரிபோல ஈரத்தை இழுக்கும், கரியையும் சேர்த்து. நுரையைத் தையலுக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்திவிட்டு, காது குச்சியில் நுரை தொட்டு நூலின் திசையிலேயே இழுத்து, உடனே காய்ந்த குச்சியால் ஒற்றுங்கள். ஒரு சோபாவுக்கு நூறு குச்சி போகும். போகட்டும்.

லெதர் கிளீனர் கைக்கு எட்டவில்லை என்றால், பிஎச் 5.5 என்று குறிப்பிட்ட, நிறமில்லாத மென்மையான ஷாம்பு 5 மில்லியை 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கலந்து அடித்து, மேலே வரும் நுரையை மட்டும் எடுத்துப் பயன்படுத்தலாம். கண்டிஷனர் கலந்த ஷாம்பு வேண்டாம், வழவழப்பு விட்டுப் போகும். குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம் இருந்தால் கறுப்பு லெதரில் வெள்ளைப் பூத்து நிற்கும். டிஸ்டில்டு வாட்டர் கேட்பது அதற்காகத்தான்.

மஞ்சள் தார்

சிகரெட் படலம் ஒரு சுற்றில் போகாது. முதல் சுற்றுக்குப் பிறகு சில இடம் வெளுத்து, சில இடம் மஞ்சளாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். பதறி வேண்டிய இடத்தில் மட்டும் அழுத்தித் தேய்ப்பது அடுத்த தவறு. அந்தப் பகுதி முழுவதையும் ஒரே அளவில், ஒரு நாள் காயவிட்டு, இரண்டாவது சுற்று செய்ய வேண்டும். தலை சாயும் இடம், கை வைக்கும் இடம் ஆகியவற்றில் வியர்வையும் எண்ணெயும் தாரோடு கலந்திருக்கும்; அங்கே லெதருக்கென்று விற்கும் ‘ஸ்ட்ராங்’ வகை கிளீனர் தேவைப்படலாம். நுரையை ஒரு நிமிடம் ஊறவிடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டு சுற்று முடிந்தபின் காது குச்சி சுத்தமாக வருகிறது, ஆனால் சோபா இன்னும் மஞ்சளாக இருக்கிறது என்றால் அது மேலே படிந்த கறை அல்ல. பூச்சே நிறம் மாறிவிட்டது. வெள்ளை, கிரீம் நிற சோபாக்களில் இது சகஜம். அடுத்த பாட்டில் வாங்குவது வீண். நிறம் பூசுவது மட்டுமே வழி.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி நடக்கிறது. நிறம் பூசும் கிட்களில் ‘பிரெப்’ என்றொரு குப்பி வரும். உள்ளே பெரும்பாலும் ஆல்கஹால் அல்லது வேறு சால்வென்ட். பழைய பூச்சை இளக்கி, புது நிறம் பிடிக்க வைப்பது அதன் வேலை. அதை கிளீனர் என்று நினைத்துத் துடைப்பவர்களுக்கு முதலில் அற்புதமாகத் தோன்றும், கறை சட்டென்று போகும். போவது கறையோடு பூச்சும்தான். துணியில் சோபாவின் நிறம் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகே புரியும்.

வாங்கவே வேண்டாதவை

வெள்ளை மெலமைன் ஃபோம் துண்டு, ‘மேஜிக்’ என்ற பெயரில் விற்பது: தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் சுவர்க்கறை மாயமாகும் அதேதான். மிக நுண்ணிய உப்புத்தாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பூச்சின் பளபளப்பைச் சீவிவிடும், மங்கிய திட்டு நிற்கும்.

குழந்தைகளுக்கான ஈர டிஷ்யூ பற்றி நிறையப் பேர் புகழ்ந்து எழுதுகிறார்கள். அவசரத்துக்கு ஒரு காபிக் கறையைத் துடைப்பது வேறு. கரிக்கு இது ஈரத்துணியேதான், வாசனை சேர்த்தது. மேலே விட்டுப் போகும் ஈரப்பசை அடுத்த தூசியைப் பிடித்துவைக்கும்.

சேடில் சோப் கெட்ட பொருள் அல்ல. தாவரப் பதனிட்ட சேணம், பெல்ட், பூட்ஸ் ஆகியவற்றுக்காக வந்தது. பல தயாரிப்புகள் காரத்தன்மை கொண்டவை, மெழுகும் கொழுப்பும் கலந்தவை. பூச்சு போட்ட சோபாவில் அது உள்ளே போகாமல் கரியை மெழுகுக்குள் புதைக்கும்.

சமையல் சோடாவை சோபாவின்மேல் தூவுவது பயனற்ற வைத்தியம். லெதரில் ஈரம் இருந்தால் காரமாக வேலை செய்யும், இல்லாவிட்டால் தையலுக்குள் போய் மாதக்கணக்கில் வெள்ளையாக எட்டிப்பார்க்கும். வினிகர் சோடா அளவுக்குத் தீமை செய்யாது, ஆனால் தாரையும் கரியையும் கரைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஆலிவ் எண்ணெய் தேய்ப்பதற்கு மன்னிப்பே இல்லை. கரியைக் குழைத்து உள்ளே அனுப்பும், லெதரைக் கறுக்க வைக்கும், பிறகு தானும் சிக்கு வாடை பிடிக்கும். அசிட்டோனும் தின்னரும் பூச்சைக் கரைத்துவிடும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

கண்டிஷனர்

கிளீனரும் கண்டிஷனரும் ஒன்றில் என்று வரும் இரட்டைப் பாட்டில்களை இந்த வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். துடைத்துக்கொண்டே எண்ணெய் பூசினால் மிச்சக் கரிக்கு மூடி போட்டதாகிவிடும். தனித்தனியாக வாங்கி, கிளீனர் முடிந்து, நிழலில் 24 மணி நேரம் காய்ந்து, காது குச்சி சுத்தமாக வந்த பிறகே கண்டிஷனர். ஹேர் டிரையர் பிடித்து அவசரப்படுத்தினால் லெதர் விறைக்கும்.

பூச்சு போட்ட லெதரில் கண்டிஷனர் அட்டையில் சொல்கிற அளவுக்கு உள்ளே போவதில்லை. ஒரு மெத்தைக்கு ஒரு தேக்கரண்டி போதும். துணியில் எடுத்து மெல்லிசாகப் பரப்பி, பத்து நிமிடம் கழித்து மீதியைத் துடைத்துவிட வேண்டும். தொட்டால் பிசுக்கென்று இருந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

வாடை

கறை போனபின்னும் வாடை நிற்கிறது என்றால் அது லெதரில் இருப்பது குறைவு, உள்ளே உள்ள ஃபோமில் இருப்பது அதிகம். ஜிப் இருக்கும் மெத்தை என்றால் உறையைக் கழற்றி, ஃபோமைத் தனியாக முகர்ந்து பாருங்கள். ஃபோமில்தான் வாடை என்றால் அதே அளவில் புது ஃபோம் வெட்டிப் போடுவது எல்லா வாசனைப் பொருளையும் விடச் சிக்கனம். ஜிப் என்றதும் உறையை வாஷிங் மெஷினில் போடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஜிப் வைத்திருப்பது ஃபோம் நுழைக்க; துவைக்க அல்ல.

வாடை லேசாக இருந்தால், முழுதாகக் காய்ந்த மெத்தையைப் பெரிய பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, ஆக்டிவேட்டட் கார்பன் பைகளை லெதரில் படாமல் கூடவே வைத்து, ஐந்து முதல் ஏழு நாள் மூடி வைக்கலாம். நல்ல பலன் தருகிறது. மெத்தையில் ஈரம் மிச்சமிருந்தால் மட்டும் பையைத் திறக்கும்போது பூஞ்சை வரவேற்கும்.

ஓசோன் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, வாடையையும் எடுக்கிறது. ஆனால் ஓசோன் கறையைத் தொடாது. கரி இருக்கும்போதே ஓட்டினால் சில நாளில் வாடை திரும்பி வரும். இயற்கை ரப்பரை வெடிக்க வைப்பது அதன் குணம். பல சோபாக்களில் இருக்கைக்கு அடியில் ரப்பர் கலந்த இழுவைப் பட்டைகள் இருக்கின்றன. நீண்ட நேரம் ஓட்டினால் அவை தளரும். ஓசோன் சாயத்தையும் வெளுக்கும். மனிதர், செடி, வளர்ப்பு விலங்கு யாரும் அறையில் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் வரம்பு 8 மணி நேரச் சராசரியாக 0.1 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.1 பங்கு ஓசோன்), வாடையைக் கொல்லும் அளவு அதைவிடப் பல மடங்கு. புற ஊதா ஒளியின் உதவியால் வாடையை எடுக்கும் ஹைட்ராக்சில் மெஷின் மெதுவானது, நாள்கணக்கில் ஓட வேண்டும், ஆனால் லெதருக்கு அது மென்மை. தேர்வு நம் கையில் இருந்தால் அதுதான்.

ஆளைக் கூப்பிடும்போது

அனிலின், நூபக், பிளாஸ்டிக் எரிந்த பிசுபிசுப்புக் கரி, கொப்புளித்த பூச்சு, இந்த நான்கில் எது இருந்தாலும் சேவைதான் சரி. நல்லவரை அடையாளம் காண ஒரு கேள்வி போதும்: முதலில் என்ன செய்வீர்கள்? சொட்டு விட்டுப் பார்ப்பேன், காய்ந்த ஸ்பாஞ்ச் போடுவேன் என்பவரிடம் தைரியமாக விடலாம். மெஷினைக் கொண்டுவந்து நீராவி அடிப்பேன், அல்லது ஷாம்பு போட்டு உறிஞ்சுவேன் என்பவர் துணி சோபா பழக்கத்தில் பேசுகிறார். சூடும் ஈரமும் சேர்ந்தால் கரி உள்ளே இறங்குவதோடு லெதரும் சுருங்கும்.

சோபாவின் பின்பக்கத்தில் ஒரு கை அகலத்துக்குச் செய்து காட்டி, அது முழுதாகக் காய்ந்தபின் பார்த்துவிட்டே மீதிக்குச் சம்மதம் சொல்லுங்கள். ஈரமாக இருக்கும்போது எல்லா லெதரும் கறை போன மாதிரிதான் தெரியும். நிறம் பூச வேண்டும் என்று சொன்னால், கறையை எடுத்தபின் பூசுவாரா, எடுக்காமல் மேலே பூசுவாரா என்று கேளுங்கள். கரிமேல் பூசிய நிறம் பிடிக்காது. உட்காரும் இடத்தில் சில வாரத்திலேயே செதில் செதிலாகக் கிளம்பும். தீக் காப்பீட்டில் கோரப்போகிறீர்கள் என்றால், அவர் ஸ்பாஞ்சைத் தொடும் முன்பே எல்லாப் பக்கமும் படம் எடுத்துவைத்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும்.